பெட்டி மேல இருக்கிறது வாங்குறவர் பேரு

போன எபிசோடில் சில்லு சில்லுன்னு முக்கால் மணி நேரம் பேசினோம். தைவான், நானோமீட்டர், ஏற்றுமதித் தடைன்னு எல்லாம் பெரிய விஷயம். அதுக்கு வந்த மெயில்களில் கணிசமானது வேற சில்லைப் பத்தி இருந்தது, அதாவது போக்கர் சில்லு. "ப்ரோ, பழைய கேசினோ செட் ஒண்ணு வாங்கியிருக்கேன், யாங்கோனில் இருக்கிற மாமாவுக்கு எப்படி உடையாம அனுப்புறது?" இது ஒரு கேள்வி. "உங்க ஊர்ல கிடைக்கிற பழைய சூதாட்ட வில்லை, பழைய நோட்டெல்லாம் எங்களுக்கு எப்படி வரும்?" இது இன்னொண்ணு. இரண்டுக்கும் ஷ்வேப்யிதாவில் உட்கார்ந்து பதில் எழுதுறேன். பகலில் கான்ட்ராக்ட் வேலை, ராத்திரி கரண்ட் இருந்தா இந்த வேலை.

முதல்லயே என் கட்சியைச் சொல்லிடறேன். பேக்கிங் கஷ்டமே இல்லை, ஒரு சாயங்காலத்தில் கத்துக்கலாம். நம்ம ஆளுங்க கோட்டை விடுறது பெட்டி மேல ஒட்டுற காகிதத்தில்தான். அதோட விலையைக் கொடுக்கிறது அனுப்பினவர் இல்லை, வாங்குறவர்.

ஆனா பேக்கிங்கிலிருந்தே தொடங்குவோம், ஏன்னா அதுலயும் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கு. சில்லு கண்ணாடி மாதிரி, வெளியே இருந்து அடி படாம பாத்துக்கணும்னு நினைச்சு பபிள் ராப்பைச் சுத்தோ சுத்துன்னு சுத்துறாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கேசினோ சில்லு விட்டம் 39 மில்லிமீட்டர், எடை 8லிருந்து 10 கிராம் வரை. 500 சில்லுன்னா ஏறக்குறைய 5 கிலோ. அந்தப் பெட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தா 49 ஜூல் சக்தி எங்கேயாவது போயாகணும். ஓங்கி அடிச்ச சுத்தியலுக்குக் குறையாத சக்தி அது. உள்ளே சில்லுகள் அசையற மாதிரி இருந்தா, சுத்தியலும் அவைதான், அடி வாங்குறதும் அவைதான். ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணோட முகத்தில் இடிக்கும். பஞ்சு மெத்தை மாதிரி பபிள் ராப் போட்டா, அசையறதுக்கு நாமே இடம் பண்ணிக் கொடுத்த மாதிரிதான். ஒரு வாரம் லாரியிலும் கன்வேயரிலும் குலுங்கினா அந்தக் குமிழ்கள் ஒவ்வொண்ணா வெடிச்சு, கடைசியில் பெட்டிக்குள்ள காலியிடம்தான் மிஞ்சும்.

அதனால மெத்தை வேண்டாம், பிடிமானம்தான் வேணும். பேங்க்கில் நாணயம் சுருட்டுற மாதிரி இருபது இருபதாச் சுருட்டுங்க. இருபது சில்லு அடுக்கினா ஆறரை சென்டிமீட்டர் நீளம் வரும், கைக்கு அடக்கம். முதல் சுத்து சாதா வெள்ளைத் தாள். நியூஸ்பேப்பர் கூடாது, மை வெள்ளைச் சில்லில் ஏறிடும். அதுக்கு மேல சமையலறையில் சோத்தை மூடி வைக்கிற கிளிங் ஃபிலிம், இறுக்கமா. ரப்பர் பேண்டை மறந்துடுங்க. இந்த ஊர் வெயிலில் அது இளகி ஒட்டி, சில்லு விளிம்பில் கோடு விழும். மலிவான பிவிசி பையும் வேண்டாம், நாள்பட்டா அதிலிருந்து ஒரு பிசுபிசுப்பு கசிஞ்சு அச்சு மேல ஒட்டும்.

இந்தச் சுருள்களைச் சின்னப் பெட்டியில் நெருக்கி அடுக்கி, இடுக்கு எல்லாத்திலும் கசக்கின தாளோ அட்டைத்துண்டோ திணிச்சு, மூடி, காதுகிட்ட வெச்சுக் குலுக்குங்க. சத்தம் வந்தா திறந்து இன்னும் திணிங்க. வரலைன்னா அதை இன்னொரு பெட்டிக்குள்ள வைங்க. வெளிப்பெட்டி ஐந்து அடுக்கு அட்டையா இருக்கணும். அடியிலும் மேலயும் நடுக்கோட்டில் ஒரு டேப், ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொரு டேப். பத்து கிலோவை ஒரே பெட்டியில் அடைக்கிறதைவிட ஐந்து ஐந்தா ரெண்டு பெட்டி நல்லது. சர்வர் எல்லாத்தையும் ஒரே ரேக்கில் வைக்காத காரணம் எதுவோ, இதுக்கும் அதேதான்.

செட்டோட வர்ற அலுமினியப் பெட்டி இருக்கே, வெள்ளி மாதிரி பளபளன்னு, சினிமா வில்லன் கையில் இருக்கிறது? கடையில் அழகு. தபாலுக்கு அதைவிட மோசமான ஒண்ணு கிடையாது. உள்ளே தகடும் ஸ்பாஞ்சும், மூலையில் நாலு ஆணி. 5 கிலோ கனம் உள்ளே இருந்து குத்தினா கீல் பிரிஞ்சு வந்துடும். அக்ரிலிக் ரேக்கும் அப்படித்தான், விரிசல் விட்டு அதோட சில்லே சில்லைக் கீறும். ரெண்டையும் தனியா அனுப்புங்க, இல்லைன்னா அனுப்பாதீங்க.

"உடையும் பொருள்" ஸ்டிக்கர் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயமே இல்லை. பெல்ட்டில் ஓடுற பெட்டிக்கு யாரும் ஸ்டிக்கர் படிச்சுட்டு வழி விடுறதில்லை. அதுக்குப் பதிலா "கனம் 5 கிலோ"ன்னு பெரிசா எழுதுங்க. தூக்குறவர் முதுகுக்காவது உபயோகப்படும். சின்னப் பெட்டி லேசா இருக்கும்னு நினைச்சு ஒத்தைக் கையில் தூக்கி, எதிர்பாராத கனத்தில் நழுவ விடுறதுதான் பாதி விபத்து.

எடை இன்னொரு வேலையும் செய்யும். ஒரு சில்லு 9.2 கிராம்னா இருபது கொண்ட ஒரு சுருள் 184 கிராம். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு, போட்டோ எடுத்து வாங்குறவருக்கு அனுப்பிடுங்க. அவர் திறக்காமலே கடைத் தராசில் வெச்சுப் பார்த்தாலே ஒரு சுருள் குறையுதா இல்லையான்னு தெரிஞ்சுடும். நம்ம பாஷையில் செக்சம். திறந்த பிறகு சண்டை போடுறதைவிட, வாங்கும்போதே கவுன்ட்டரில் "எடை குறையுது, எழுதிக் கொடுங்க"ன்னு கேட்கிறது எவ்வளவோ மேல்.

இனி யாங்கோனுக்கே உரிய ஒண்ணு: மழை. மே மாசம் பாதியில் பிடிச்சா அக்டோபர் வரைக்கும் விடாது. வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர், சென்னை மாதிரி ரெண்டு மடங்கு. ஷ்வேப்யிதா ஹ்லைங் ஆத்தங்கரை. பேட்டை தொழிற்சாலைகளுக்கு நடுவில் பல தெருவில் கணுக்கால் தண்ணி. நனையவே வேணாம், காத்தில் இருக்கிற ஈரமே போதும். ஈரப்பதம் 90 சதவீதத்துக்குப் போனா அட்டைப்பெட்டி தாங்குற பாரம் கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சுடும். மேல நாலு பெட்டி அடுக்கினா அடியில் இருக்கிறது சப்பாத்திதான். உள்பெட்டியை முழுசாப் பிளாஸ்டிக்கில் மூடி, உள்ளே ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. பிளாஸ்டிக்குக்கு வெளியே போட்டா அது யாங்கோன் முழுக்க இருக்கிற ஈரத்தை உறிஞ்சப் பார்த்துத் தோத்துப்போகும்.

இவ்வளவு பாடு ஒரு விளையாட்டுச் சாமானுக்கான்னு கேட்கலாம். புதுசு வாங்குற பிளாஸ்டிக் செட்டுக்கு வேண்டாம். பழைய கேசினோ சில்லு வேற ரகம். பால்சன், பட் ஜோன்ஸ், பிரான்ஸின் பூர்கோன் எ கிராசே மூணும் 2002இல் ஒரே நிறுவனமாச்சு. அதையும் 2019இல் ஜப்பானின் ஏஞ்சல் வாங்கிடுச்சு. நெவாடாவில் ஒரு கேசினோ மூடினா, தன் சில்லுகளை ரெகுலேட்டர் ஒப்புதலோட அழிச்சாகணும். தப்பிச்சது எதுவோ அதுதான் சேகரிப்பாளர் கையில் இருக்கு. உடைஞ்சா ஸ்பேர் கிடையாது.

நம்ம பக்கத்துச் சில்லு அதைவிடப் பழசு. சயாமில் 19ஆம் நூற்றாண்டில் சூதாட்ட விடுதி நடத்தின சீனர்கள் பீங்கானில் சின்னச் சின்ன வில்லை செஞ்சாங்க. சீன எழுத்து, மீன், பூ, சிலதில் வண்ணத்துப்பூச்சி. நாட்டில் சில்லறை பத்தாததால அந்த வில்லைகள் விடுதியை விட்டு வெளியே வந்து காய்கறிக் கடையில் காசா ஓட ஆரம்பிச்சது. 1875இல் சயாம் அரசு அதைப் பணமாப் புழங்கக் கூடாதுன்னு தடுத்துடுச்சு. இன்னிக்கு அது சேகரிப்பாளர் பண்டம். தனியார் டோக்கன், அரசாங்கம் அசந்திருந்த நேரத்தில் பணமாகி, அப்புறம் தடை. கிரிப்டோ எபிசோடில் நான் ஏன் ஓவரா உற்சாகப்படலைன்னு கேட்டீங்களே, இதுதான் காரணம்.

பீங்கான் வில்லையைச் சுருட்டக் கூடாது. ஒவ்வொண்ணும் தனித்தனியா மெல்லிய தாளில் சுத்தி, அட்டையில் பள்ளம் வெட்டி அதுக்குள்ள படுக்க வைக்கணும். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு: அனுப்பலாமா? மியன்மாரில் 2015ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன பொருளை அனுமதியில்லாம நாட்டை விட்டு அனுப்ப முடியாது. இந்தியாவிலும் 1972 சட்டம் அதே நூறு வருஷக் கணக்குத்தான் சொல்லுது, கையெழுத்துப் பிரதிக்கு எழுபத்தைந்து. "சின்னதுதானே, சாக்ஸுக்குள்ள போட்டு அனுப்புங்க"ன்னு எனக்கு எழுதின தம்பிக்கு: மாட்டேன். நீங்களும் இங்கே யாரையும் அப்படிக் கேட்காதீங்க.

அடுத்தது நோட்டு. உங்க தாத்தா பாட்டி பர்மாவிலிருந்து கப்பல் ஏறினவங்கன்னா இந்தக் கதை வீட்டிலேயே ஓடியிருக்கும். 1964 மே 17 அன்னிக்கு நே வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதுன்னு அறிவிச்சது. கடைகளை நாட்டுடைமையாக்கினதும் அதே வருஷம்தான். அதுக்கப்புறம்தான் நம்மவங்க கூட்டம் கூட்டமாச் சென்னைக்குப் போனாங்க, பர்மா பஜார் வந்தது, ஊர் ஊருக்கு பர்மா காலனி வந்தது. மறுபடி 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் போச்சு. அதுக்குப் பதிலா 45, 90 கியாட் நோட்டு வந்தது. ஒன்பதால் வகுபடற நோட்டு! எந்த ப்ரோக்ராமரும் இதை ரெக்வயர்மென்ட்டா ஒத்துக்க மாட்டான். பிஸ்கட் டப்பாவில் இன்னும் அந்த நோட்டுகளை வெச்சிருக்கிற வீடு இங்கேயும் இருக்கு, தேவகோட்டையிலும் இருக்கு. காஷியர் எழுந்து போன பிறகு கையில் மிஞ்சின சில்லு அது.

அதைப் பேரப்பிள்ளைங்க கேட்கிறது எனக்குப் புரியுது. பேக்கிங் சுலபம். ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவில், மடிக்காம, பாலியெஸ்டர் உறையில், ஓரத்தில் மட்டும் டேப். ஆனா சர்வதேசத் தபால் விதிப்படி நாணயமும் பணநோட்டும் காப்பீடு இல்லாத சாதாத் தபாலில் போகக் கூடாது. செல்லாத நோட்டு பணமே இல்லையேன்னு வாதாடலாம். கவுன்ட்டரில் இருக்கிறவர் வக்கீல் இல்லை, அவர் பார்க்கிறது நோட்டைத்தான். போய்க் கேட்டு, காப்பீட்டுச் சேவை அந்த நாட்டுக்கு இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு, இருந்தா மட்டும் அனுப்பணும். எங்க வீட்டிலிருந்து ஸ்ட்ராண்டு ரோடு பெரிய தபாலாபீஸுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அது ஒரு காலத்தில் புல்லக் பிரதர்ஸ்ங்கிற அரிசிக் கம்பெனியோட ஆபீஸ். நம்ம ஊர்க்காரங்க மூட்டை தூக்கின அரிசி. நோட்டைக் கையில் வெச்சுக்கிட்டு அந்தப் படியேறும்போது எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், அதை விடுங்க.

சரி, காகிதத்துக்கு வருவோம். 2021 ஜனவரியிலிருந்து, சாமான் இருக்கிற எந்தத் தபாலுக்கும் மின்னணு முன்தகவல் கட்டாயம். அதாவது பெட்டி விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே அதோட மெட்டாடேட்டா போய்ச் சேர்ந்துடும். என்ன பொருள், எத்தனை, என்ன மதிப்பு, யாருக்கு. பெட்டியை ஆள் திறக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் படிக்கிறாங்க. அதில் "பொம்மை"ன்னு எழுதினா, ஸ்கேனரில் தெரியறது என்ன? அடுக்கி வெச்ச வட்டத் தகடு, கனமா, காசுச் சுருள் மாதிரியே. பொம்மைன்னு சொன்ன பெட்டிக்குள்ள காசு மாதிரி ஏதோ இருக்கு. நீங்களா இருந்தா திறக்க மாட்டீங்களா?

திறந்தா என்ன தெரியும்? மேல "500", "1000"ன்னு டாலர் குறியோட அச்சடிச்ச வில்லை. மியன்மாரில் 1986 சூதாட்டச் சட்டத்தை எடுத்துட்டு 2019இல் புதுச் சட்டம் கொண்டுவந்தாங்க, கேசினோ வெளிநாட்டுக்காரருக்கு மட்டும்னு. அதுக்கப்புறம் கேசினோங்கிற வார்த்தைக்கு இந்த நாட்டில் என்ன அர்த்தமாச்சுன்னு உங்களுக்கே தெரியும். மியாவாடி, ஷ்வே கொக்கோ. ஐடி வேலைன்னு நம்பி 2022இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த பசங்க, நம்ம மாதிரி படிச்ச பசங்க, மோசடிக் கூடாரத்தில் மாட்டி, மீட்டுக் கொண்டுபோக வேண்டி வந்தது. இந்தச் சூழ்நிலையில் ஒரு அதிகாரி சில்லுப் பெட்டியைப் பார்த்தா, "ஆகா, யாரோ சேகரிப்பாளர்"ன்னு முதலில் தோணணும்னு எதிர்பார்க்கிறது நியாயம் இல்லை. (அந்த எல்லைக் கேசினோ சில்லு "நினைவுக்கு ஒண்ணு" கிடைக்குமான்னு கேட்டு இனி யாரும் எழுதாதீங்க. பதில் வராது.)

பெட்டி நின்னா அதிகாரி கூப்பிடறது டொராண்டோவில் இருக்கிற உங்களை இல்லை. பெட்டி மேல இருக்கிற பேர், முகவரி, போன் நம்பர் உங்க மாமாவோடது. அறுபத்தஞ்சு வயசுக்காரர், பர்மியப் பேச்சு நல்லா வரும், ஆனா ஆபீஸில் கூப்பிட்டு நிக்க வெச்சா குரல் இறங்கிடும். "இது என்ன, யார் அனுப்பினது, ஏன் பொம்மைன்னு எழுதியிருக்கு?"ன்னு கேட்டா அவர் என்ன சொல்வார்? வரி மிச்சம் பிடிக்க நீங்க எழுதின ஒரு வார்த்தைக்கு அவர் பதில் சொல்லணும். ப்ரொடக்‌ஷனில் பக் விட்டுட்டு லீவில் போற டெவலப்பரைத் திட்டுறோமே, அதேதான் இது. ஆனா இங்கே ரோல்பேக் கிடையாது.

அதனால இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்க: "பழைய போக்கர் விளையாட்டுச் சில்லு, 300 எண்ணம், சேகரிப்புக்கு, பண மதிப்பு இல்லை." சுங்கக் குறியீடு 9504 என்ற தலைப்பில் வரும், அதையும் போடுங்க. நீங்க கொடுத்த விலையை மதிப்பாக் காட்டுங்க. குறைச்சுக் காட்டினா, தொலைஞ்சா நஷ்டஈடும் அந்தக் குறைச்ச தொகைக்குத்தான். வாங்கின ரசீது ஒரு நகல் வெளியே, ஒண்ணு உள்ளே. இன்னொண்ணு, திறந்து பார்ப்பாங்கன்னே வெச்சுக்கிட்டுப் பேக் பண்ணுங்க. ஒரு சுருளை மட்டும் வெள்ளைத் தாள் இல்லாம, வெறும் கிளிங் ஃபிலிமில் சுத்தி எல்லாத்துக்கும் மேல வைங்க. அதிகாரி அதைப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சுடும், மீதியைக் கிழிக்க வேண்டிய அவசியம் இருக்காது. முக்கியமா, அனுப்புறதுக்கு முன்னாடி வாங்குறவர்கிட்ட "இதை அனுப்பட்டுமா?"ன்னு கேளுங்க. சர்ப்ரைஸ் கிஃப்ட் எல்லாம் கேக்கோட நிக்கட்டும்.

இதுக்கு ஒரு குறுக்குவழி நம்ம எல்லாருக்கும் தெரியும்: "யாராவது வர்றாங்களா?" தமிழரோட ஆதி கூரியர் சர்வீஸ். முறுக்கு, கருவாடு, கல்யாணப் பத்திரிகை, எல்லாமே யாராவது ஒருத்தரோட பெட்டியில் போய்ச் சேரும். அதை நான் கேலி பண்ணலை, அப்படி வந்த மிளகாய்ப்பொடியில்தான் எங்க வீட்டில் குழம்பு. ஆனா சில்லு, நோட்டு, பழம்பொருளுக்கு இது வேண்டாம். தபால் பெட்டிக்கு ஒரு படிவம் இருக்கு, அனுப்பினவர் கையெழுத்து இருக்கு. சித்தியோட சூட்கேஸுக்கு எதுவும் இல்லை. விமான நிலையத்தில் ஸ்கேனர் முன்னாடி நிக்கிறது அவங்க, தான் அடுக்காத பொருளுக்கு. "ஒண்ணும் இல்லை சித்தி, சும்மா விளையாட்டுச் சாமான்"னு நீங்க போனில் சொன்னது அங்கே சாட்சிக்கு வராது.

தபாலுக்கு அனுப்பினா கையில் ஒரு நம்பராவது இருக்கும். ரெண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக்கு ரெண்டு எழுத்து. அந்த ஒன்பதாவது இலக்கம் சும்மா இல்லை, முதல் எட்டை 8, 6, 4, 2, 3, 5, 9, 7ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதியை 11இலிருந்து கழிச்சது. 47312482ன்னா கூட்டுத்தொகை 200, மீதி 2, ஆக கடைசி இலக்கம் 9. கழிச்சு 10 வந்தா 0, 11 வந்தா 5. மாமா போனில் நம்பரை மாத்திச் சொன்னா அஞ்சு வரி கோடில் கண்டுபிடிச்சுடலாம். விருப்பம் இருக்கிறவங்க எழுதி அனுப்புங்க, நல்லா இருந்தா அடுத்த வாரம் போடறேன்.

300 சில்லு செட் அனுப்பணும்னு கேட்ட தங்கச்சிக்கு மட்டும் தனியா: இப்போ ஆகஸ்ட், எங்க தெருவில் சைக்காவே தண்ணியில் மிதந்துதான் வருது. நவம்பர் வரைக்கும் பொறுத்து அனுப்புங்க. அதுக்குள்ள உங்க மாமாவோட பேரை அவர் அடையாள அட்டையில் இருக்கிறபடி பர்மிய எழுத்தில் கேட்டு வாங்கி வைங்க. கையெழுத்துப் போட்டு எடுக்கிற இடத்தில் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க.